கைமாறலும் கைம்மாறும்

சற்று நீளமான பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்க, உடன்படாதோர் முழுவதும் வாசித்தபின் மறுக்க.

சென்ற மாதம் தில்லியில் மரபுக் கைவினைகள் குறித்து நடந்த கருத்தரங்கு ஒன்றில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தேன். ஜப்பானைப் பற்றிய அமர்வு அது. மேடையிலிருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர், "ஜப்பானியர் தம் கைவினைஞரை வாழும் தேசியச் செல்வம் என்று போற்றினர், ஆகவே கலை பிழைத்தது. இன்றைய இளைஞரோ கைவினையைக் காக்கிறோம் என்று சொல்லி நிறுவனம் தொடங்குகின்றனர். இது கருவறைக்குள் கடை விரிப்பதற்கு ஒப்பானது" என்றார். அவை கைதட்டியது. ஒலிவாங்கி என் வரிசைக்கு வருவதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

அவர் சொன்னதில் வரலாறும் பிழை, அறமும் பிழை. ஜப்பானின் கைவினை ஒருநாளும் கருவறையில் இருந்ததில்லை. அது கடையில் பிறந்தது, கடையில் வளர்ந்தது, கடை மூடப்பட்டபோதுதான் நோயுற்றது. அதைப் பிழைக்கவைக்க ஒருவர் நிறுவனம் தொடங்குவது இழிசெயல் அன்று. ஆனால் அப்படித் தொடங்கப்பட்ட எல்லா நிறுவனமும் போற்றத்தக்கது என்றும் நான் சொல்லவில்லை. எதைப் போற்றுவது, எதைக் கேள்வி கேட்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதைத் தேடுவதே இப்பதிவின் நோக்கம்.

நான் மொழியியலில் முதுகலை முடித்தபின், ஜப்பானியக் கைவினைத் தொழில்களின் கலைச்சொற்களை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே என் துறையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு மொழி உயிரோடிருக்கிறதா என்பதை அறிய யுனெஸ்கோவின் வல்லுநர் குழு 2003இல் ஒன்பது காரணிகளை வகுத்தது. அவற்றுள் முதலாவது, அம்மொழி ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்கிறதா என்பது. அகராதி உண்டா, அகாதமி உண்டா, விருது உண்டா என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. மிகச் சிறந்த அகராதியைப் பெற்றுவிட்டு மடிந்த மொழிகள் உண்டு. அகராதியே இல்லாமல் அடுப்படியில் வாழும் மொழிகளும் உண்டு. கைவினைக்கும் இதுவே விதி. பயன்படுத்துவோர் வீட்டில் ஒரு கிண்ணம் அன்றாடம் எடுத்தாளப்படுகிறதா என்பதுதான் முதற்கேள்வி. அக்கிண்ணத்தைச் செய்தவருக்குப் பட்டயம் கிடைத்ததா என்பது பத்தாவது கேள்வி.

ஜப்பானிய மொழி இதை அழகாகச் சொல்கிறது. 'தே' என்றால் கை. வினையடியோடு இதைச் சேர்த்தால் அவ்வினையைச் செய்பவரைக் குறிக்கும் பெயர் கிடைக்கும். 'த்சுகுரிதே' செய்பவர், 'த்சுகாய்தே' பயன்படுத்துபவர், 'உரிதே' விற்பவர், 'காய்தே' வாங்குபவர். செய்பவருக்கு மட்டும் கை இருப்பதாக அம்மொழி கருதவில்லை. விற்பவரும் வாங்குபவரும் பயன்படுத்துபவரும் அதே விகுதியைப் பெறுகின்றனர். தமிழிலும் இதற்கு நிகரான ஓர் உணர்வு புதைந்துள்ளது. ஒரு பொருள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வதைக் கைமாறுதல் என்கிறோம். பெற்ற ஒன்றுக்கு ஈடாகத் திருப்பிச் செய்வதைக் கைம்மாறு என்கிறோம். இடையில் இருப்பது ஒரு மகர ஒற்று. கைவினையின் பொருளியல் முழுவதும் அந்த ஒற்றில்தான் அடங்கியிருக்கிறது என்பேன். பொருள் கைமாற வேண்டும். மாறிய ஒவ்வொரு கைக்கும் கைம்மாறு சேர வேண்டும்.

முதலில் வரலாறு. நோதோ தீபகற்பத்தின் வஜிமா நகரம் உருஷிப் பூச்சுப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றது. உருஷி என்பது ஒரு மரத்தைக் கீறி எடுக்கும் பால். மரக்கிண்ணத்தின்மேல் அடுக்கடுக்காகப் பூசி இறுகவிடுவார்கள். அங்கே இத்தொழிலை நடத்துபவருக்கு 'நுஷியா' என்று பெயர். அவர் கைவினைஞர் மட்டும் அல்லர், வணிகரும் அவரே. மரத்தைக் கடைபவர், அடிப்பூச்சு பூசுபவர், மேற்பூச்சு பூசுபவர், பொன்தூள் தூவி ஓவியம் தீட்டுபவர் எனப் பல கைகளை ஒருங்கிணைத்து, முடிந்த பொருளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று விற்றுவந்தவர். எடோ காலத்திலேயே வஜிமா வணிகர்கள் 'வான்கோ' என்றொரு முறையைக் கையாண்டனர். அதை நம் ஊர்ச் சீட்டு என்றே சொல்லலாம். ஊரார் சிலர் ஒன்றுசேர்ந்து தவணைப்பணம் கட்டுவர். முறைவைத்து ஒவ்வொருவருக்கும் பாத்திரத் தொகுதி வந்துசேரும். திருமணத்துக்கும் நீத்தார் கடனுக்கும் விருந்து படைக்கத் தேவையான கிண்ணங்களை எளிய உழவர் குடும்பமும் இப்படித்தான் பெற்றது. கருவறைக்குள் கடை விரிக்கிறார்கள் என்று வருந்தியவர், அந்தக் கருவறைக்குப் பணம் வந்த வழி சீட்டு என்பதை அறிந்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார்.

கலை வேறு, கைத்தொழில் வேறு என்ற பிரிவுகூட அந்நாட்டில் பழையது அன்று. இன்று நுண்கலையைக் குறிக்கும் 'பிஜுத்சு' என்ற சொல், 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக அதற்கு முந்தைய ஆண்டு மொழிபெயர்த்த ஆவணத்தில் உருவாக்கப்பட்டது. அதாவது, அந்தச் சொல்லே சந்தையின் வாயிலில் பிறந்தது. அக்கண்காட்சியில் கிடைத்த வரவேற்பைக் கண்டு, கைவினைப் பொருள்களை ஏற்றுமதி செய்ய 1874இல் 'கிரித்சு கோஷோ கைஷா' என்னும் நிறுவனம் அரசின் ஆதரவோடு தொடங்கப்பட்டது. நியூயார்க்கிலும் பாரிசிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. கைவினையை முன்னிறுத்தி நிறுவனம் தொடங்குவது இன்றைய இளைஞரின் கண்டுபிடிப்பு என்று நினைப்போர் ஒன்றரை நூற்றாண்டு பின்தங்கி நிற்கின்றனர்.

அந்நிறுவனம் 1891இல் மூடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அது விற்றவை பெரும்பாலும் அயல்நாட்டு மாளிகைகளுக்கும் காட்சிமேடைகளுக்கும் உரியவை. ஜப்பானியரின் சமையலறைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. பிறர் வியப்பை மட்டும் நம்பிய வணிகம், அந்த வியப்பு தீரும்வரைதான் நிற்கும். இந்தப் படிப்பினையைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

இனி அரசு செய்ததைப் பார்ப்போம். பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் 1950இல் வந்தது. 1954இல் அது திருத்தப்பட்டு, 'வாழும் தேசியச் செல்வம்' என நாம் அழைக்கும் அறிந்தேற்பு முறை ஏற்பட்டது. அப்படி ஏற்கப்பட்டவருக்குக் கலையைத் தொடரவும் மாணவரைப் பயிற்றவும் அரசு தரும் உதவித்தொகை ஆண்டுக்கு 20 லட்சம் யென். இது மதிப்புக்குரியது, நான் இதைச் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் இது மலையுச்சிக்குத் தரப்படும் மரியாதை. உச்சியைத் தாங்கும் அடிவாரத்துக்கு இதில் பங்கில்லை.

அடிவாரத்துக்கென ஒரு சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. அதன் பெயரை மேடையில் பேசியவர் ஒருமுறை உரக்கப் படித்திருந்தால் போதும்: மரபுக் கைவினைப் பொருள் தொழில் வளர்ச்சிச் சட்டம். தொழில் என்பதைக் கவனிக்க. இதைச் செயல்படுத்துவது பண்பாட்டுத் துறை அன்று. பொருளாதார, வணிக, தொழில்துறை அமைச்சகம். ஒரு பொருள் இச்சட்டத்தின்கீழ் ஏற்பு பெற ஐந்து விதிகள் உண்டு. முக்கியமாக அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருக்கவேண்டும். செய்முறையின் இன்றியமையாத பகுதி கையால் நடக்கவேண்டும். நுட்பம் மரபுவழி வந்ததாக இருக்கவேண்டும்; ஏறத்தாழ 100 ஆண்டு என்பது வழக்கிலுள்ள பொருள். மூலப்பொருளும் மரபுவழி வந்ததாக இருக்கவேண்டும். குறிப்பிட்ட வட்டாரத்தில் கணிசமானோர் அதைச் செய்துவரவேண்டும். 10 நிறுவனங்கள் அல்லது 30 பேர் என்பது அளவு. அன்றாடப் பயன் முதல் விதி என்பதையும், ஒருவர் செய்தால் போதாது, ஓர் ஊரே செய்யவேண்டும் என்பது கடைசி விதி என்பதையும் பாருங்கள். இது மேதையைத் தேடும் சட்டம் அன்று; தொழில் நடக்கும் தெருவைத் தேடும் சட்டம்.

இச்சட்டத்தின்கீழ் இன்று 240க்கும் மேற்பட்ட கைவினைகள் ஏற்பு பெற்றுள்ளன. பட்டியல் நீண்டது, தெருவோ சுருங்கியது. 1979இல் இத்தொழில்களில் 2,80,000க்கும் அதிகமானோர் இருந்தனர். 2016இல் அவர்கள் 63,000க்கும் குறைவு. 1980களின் தொடக்கத்தில் 50,000 கோடி யென்னைத் தாண்டியிருந்த ஆண்டு உற்பத்தி மதிப்பு 2010களின் நடுவில் ஏறத்தாழ 10,000 கோடி யென்னாகக் குறைந்தது. விருதும் சட்டமும் முத்திரையும் இருந்த காலத்திலேயே இச்சரிவு நிகழ்ந்தது. போற்றியதால் பிழைத்தது என்ற வாதம் இந்த எண்களின்முன் நிற்காது.

ஏன் சரிந்தது? கைவினைஞரின் திறமை குன்றியதால் அன்று. பாய் விரித்த அறை குறைந்தது. கிமோனோ உடுத்தும் நாள் குறைந்தது. வீட்டிலேயே இருபது பேருக்கு விருந்து படைக்கும் வழக்கம் மறைந்தது. நெகிழிக் கிண்ணம் மலிவாக வந்தது. வாங்கும் சந்தர்ப்பம்தான் முதலில் இறந்தது. மொழி விஷயத்தில் நாங்கள் இதைப் புழங்குகளம் சுருங்குதல் என்போம். பள்ளியிலிருந்தும் சந்தையிலிருந்தும் விரட்டப்பட்ட மொழி முதலில் வீட்டுக்குள் ஒடுங்கும். பிறகு சடங்குக்குள் ஒடுங்கும். இறுதியில் ஆய்வாளரின் ஒலிப்பதிவுக்குள் ஒடுங்கும். கைவினையும் அவ்வாறே வீட்டிலிருந்து விழாவுக்கும், விழாவிலிருந்து அருங்காட்சியகத்துக்கும் போகிறது. இதைத் தடுக்கப் புதிய புழங்குகளம் தேவை. அதை ஏற்படுத்துவது அரசாணையால் ஆகாது, பேருரையாலும் ஆகாது. யாரேனும் ஒருவர் பொருளை வடிவமைத்து, விலையிட்டு, கடைதிறந்து, நட்டத்துக்கு அஞ்சாமல் உட்காரவேண்டும்.

அப்படி உட்கார்ந்த சிலரைச் சொல்கிறேன். யஜிமா ரிகா என்பவர் 2011இல், பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோதே, 'அயெரு' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அயெரு என்பது சமையற்கட்டுச் சொல். ஜப்பானிய மொழியில் 'மஸெரு' என்றால் பொதுவாகக் கலத்தல். 'அயெரு' என்றால் அவித்த கீரையோடு அரைத்த எள்ளைச் சேர்ப்பதுபோல, கூடுகிற ஒவ்வொன்றும் தன் உருவும் சுவையும் இழக்காமல் கூடுதல். இந்நிறுவனத்தின் முதல் பொருள்வரிசை, பிறந்ததிலிருந்து ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கானது. தொகுஷிமாவின் அவுரிச் சாயம் தோய்த்த பிறந்த குழந்தைக்கான துணிகள், எஹிமேயின் தொபே பீங்கானில் செய்த சிந்தாத கிண்ணம் என்பன அவற்றுள் சில. கிண்ணத்தின் உள்விளிம்பு சற்றே உள்நோக்கி வளைந்திருக்கும். குழந்தை கரண்டியால் தள்ளும்போது சோறு வெளியே சரியாமல் கரண்டியில் ஏறும். பொருள்களின் பெயர்கள் 'எஹிமே மாநிலத்திலிருந்து' என்பதுபோல நீங்கல் வேற்றுமையில் தொடங்குகின்றன. எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இதை விளம்பர உத்தி என்று ஒதுக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. தலைமுறை கடத்தல் என்று மொழியியலில் நாங்கள் தாள் தாளாக எழுதுவதை, மாணவி ஒருவர் கிண்ணத்தில் செய்துகாட்டினார் என்று பார்க்கிறேன். முதன்முதலில் சோறுண்ட கிண்ணத்தின் கனமும் தண்மையும் விரல்களில் பதிந்த குழந்தைக்கு நாற்பது வயதில் கைவினையைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றவேண்டியதில்லை.

இன்னொன்று, நாராவின் நகாகவா மசாஷிச்சி ஷோதென். 1716இல் சணல்நார்த் துணி வணிகமாகத் தொடங்கிய இல்லம். 2008இல் அதன் தலைமையை ஏற்ற பதின்மூன்றாம் தலைமுறையினர், தம் பொருளை விற்பதோடு நிற்காமல், நலிந்துகிடந்த பிற ஊர்த் தொழில்களுக்கு வழிகாட்டும் பணியிலும் இறங்கினார். நாகசாகி மாநிலத்தின் ஹசமி ஊர் நினைவுகூரத்தக்கது. அங்குச் செய்த பீங்கான் நெடுங்காலம் அண்டை ஊரான அரிதாவின் பெயரிலேயே விற்றுவந்தது. 2000ஐ ஒட்டி, செய்த ஊரின் பெயரையே குறிக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இறுகியபோது, யாரும் அறியாத பெயரோடு அவ்வூர் சந்தையில் தனித்து நின்றது. அங்கிருந்த சிறு வணிக இல்லம் ஒன்று நகாகவாவின் துணையோடு 2010இல் 'ஹசமி' என்ற பெயரிலேயே தடித்த, வண்ணக் குவளைகளை வெளியிட்டது. இன்று அப்பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. பிறர் பெயரில் வாழ்ந்த ஊர் தன் பெயரை மீட்டது. மீட்டுத் தந்தது விருதுக்குழு அன்று, விற்பனை.

கியோட்டோவின் நிஷிஜின் நெசவில் 1688 முதல் இருந்துவரும் ஹொசோ இல்லத்தையும் சொல்லவேண்டும். கிமோனோவின் இடைக்கச்சைத் துணி ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் அகலம். தறியும் அதற்கேற்ற அளவு. அவர்கள் 150 சென்டிமீட்டர் அகலம் நெய்யும் தறியை உருவாக்கி, சுவர்களுக்கும் இருக்கைகளுக்கும் துணி நெய்தனர். மரபைக் கெடுத்துவிட்டார்கள் என்பவர்கள், இடைக்கச்சை கட்டுவோர் அருகிவிட்ட நாட்டில் 32 சென்டிமீட்டர் தறிகள் எத்தனை ஓடும் என்பதையும் சொல்லவேண்டும்.

இங்கே ஒருவர் யனகி சொயெத்சுவை என்மேல் ஏவுவார் என்று அறிவேன். மக்கள் கைவினை என்னும் பொருளில் 'மிங்கே' என்ற சொல்லை 1925இல் ஹமதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். பெயரறியாக் கைகள் செய்த எளிய பொருளின் அழகைப் போற்றியவர். 1936இல் டோக்கியோவில் மிங்கே அருங்காட்சியகத்தை நிறுவியவர். வணிகச் சின்னமும் விளம்பரமும் அவர் உள்ளத்துக்கு உவந்தவை அல்ல என்பது உண்மை. ஆனால் அவ்வியக்கத்தின் காலவரிசையை மீண்டும் பாருங்கள். தொத்தோரியில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த யோஷிதா ஷோயா, உள்ளூர்க் குயவருக்கும் நெசவாளருக்கும் தச்சருக்கும் புதிய வடிவங்களைச் சொல்லிச் செய்யவைத்தார். செய்தவற்றை விற்க 1932இல் 'தகுமி' என்ற கடையைத் தொத்தோரியில் திறந்தார். அடுத்த ஆண்டு டோக்கியோவின் கின்ஸாவிலும் ஒரு தகுமி திறக்கப்பட்டது. அதாவது, மிங்கே இயக்கம் அருங்காட்சியகம் கட்டுவதற்கு முன்பே கடை திறந்துவிட்டது. இந்த முன்பின்னைத் தலைகீழாக நினைவில் வைத்திருப்பவர்களே இன்று யனகியின் பெயரால் கடையைப் பழிக்கின்றனர்.

இதுவரை வாசித்துவிட்டுத் தொழில்முனைவோர் பக்கங்களை நடத்தும் நண்பர்கள் மகிழ்ந்திருப்பீர்கள். இனி உங்கள் முறை.

கைவினையை மீட்ட நாயகர் என்று நிறுவனரின் முகத்தை அட்டையில் அச்சிடும் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு பெயர்தான் இருக்கும்; அது நிறுவனரின் பெயர். செய்தவர் 'ஓர் அனுபவமிக்க கைவினைஞர்' ஆகிவிடுவார். அவருக்கும் பின்னால் இருப்பவர் அந்த அளவுக்குக்கூட வரமாட்டார். கைவினையின் சங்கிலி அறுபடுவதோ பெரும்பாலும் அந்தப் பின்னாலிருப்பவரிடம்தான்.

உருஷியையே எடுத்துக்கொள்வோம். ஒரு மரம் பத்து முதல் பதினைந்து ஆண்டு வளரவேண்டும். கோடை முழுவதும் அதைக் கீறிக் கீறி எடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 200 கிராம் பால். பால் வடித்தபின் அம்மரம் வெட்டப்படும். வேரிலிருந்து துளிர்ப்பதை மீண்டும் வளர்க்கவேண்டும். ஜப்பானில் பயன்படும் உருஷியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இறக்குமதி, அதுவும் பெரும்பாலும் சீனாவிலிருந்து. உள்நாட்டு உருஷியின் பெரும்பகுதி இவாதே மாநிலத்தின் ஜோபோஜி வட்டாரத்தில் கிடைக்கிறது. தேசியச் செல்வங்களாகவும் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாகவும் உள்ள கட்டடங்களைப் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்தவேண்டும் என்று பண்பாட்டு முகமை 2015இல் அறிவித்தது. 2018 நிதியாண்டு முதல் முழு அளவில் என்பது இலக்கு. தேவை ஒரே நாளில் உயர்ந்தது. மரமோ தன் பதினைந்து ஆண்டைக் குறைத்துக்கொள்ளவில்லை. பால் எடுப்பவர் வேண்டும். அவருக்கு வளைந்த கீறுகத்தி வேண்டும். அந்தக் கத்தியை அடிக்கத் தெரிந்த கொல்லர் வேண்டும். கொல்லர் உலையை அணைத்தால் கிண்ணத்தின் பளபளப்பைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைக்கு அப்போது பொருளே இராது.

கையால் வார்க்கும் காகிதத்துக்கும் இதே நிலை. நார்கள் நீரில் சீராக மிதந்து பரவ, தொரொரோ அஒய் என்னும் செடியின் வேரிலிருந்து வரும் வழுவழுப்பு வேண்டும். இபாராகி மாநிலத்தின் ஒமிதாமாவில் அச்செடியைப் பெருமளவில் பயிரிட்டுவந்த ஒருசில உழவர் குடும்பங்கள், உழைப்பு மிகுதி, வருவாய் குறைவு, வயது கூடிவிட்டது என்ற காரணங்களால் நிறுத்திவிட எண்ணுவதாக 2019இல் தெரிவித்தபோதுதான் காகித உலகம் திடுக்கிட்டது. ஜப்பானியக் கைக்காகிதம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2014இல். பட்டியலுக்கும் வயலுக்கும் இடையே இருந்த தொலைவு ஐந்தே ஆண்டில் வெளிப்பட்டது.

2024 புத்தாண்டு நாளில் நோதோவை 7.6 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. வஜிமாவின் காலைச் சந்தைத் தெரு தீக்கிரையானது. அதே செப்டம்பரில் வெள்ளமும் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் பல கைகளால் நடக்கும் வேலையில், மரம் கடைபவர் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அடுத்தடுத்த கைகள் அனைத்தும் வெறுங்கைகள். தற்காலிகப் பட்டறைகளைக் கட்டித்தர அரசால் முடிந்தது. அப்பட்டறைக்குள் நாள்தோறும் செய்வதற்கு வேலை தரவேண்டியது வாங்குபவரின் கை.

ஆகவே என் அளவுகோல் எளிது. கைவினையைக் காக்க நிறுவனம் தொடங்கினேன் என்று ஒருவர் சொன்னால், மூன்று கேள்விகள் கேட்பேன்.

விலையைச் சொல்வது யார்? சந்தை விலையை முதலில் முடிவுசெய்துவிட்டு, எஞ்சுவதைச் செய்பவருக்குத் தருகிறீர்களா? அல்லது செய்பவர் தம் நாட்கூலியையும் பட்டறை வாடகையையும் பயில்பவரின் ஊதியத்தையும் சேர்த்துச் சொன்ன தொகையிலிருந்து தொடங்குகிறீர்களா? பழங்காலச் சீடர் உணவுக்கும் உறையுளுக்கும் உழைத்தார். இன்று ஊழியராகச் சேர்பவருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உண்டு, அது நியாயமானது. கற்கும் கை இன்னும் விற்கத்தக்க பொருளைச் செய்யாத அந்த முதல் சில ஆண்டுகளின் செலவு உங்கள் விலைக்குள் இருக்கிறதா?

நட்டம் யாருடையது? பொருளை விலைகொடுத்து வாங்கி விற்கிறீர்களா? அல்லது பெருங்கடைகளின் வழக்கப்படி வைப்புக்குப் பெற்று, விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி அனுப்புதல் என்று நடத்துகிறீர்களா? ஜப்பானிய வணிகத்தில் 'தெகாத்தா' என்னும் உறுதிச்சீட்டு உண்டு. இங்கும் அதே தே, அதே கை. கையின் பதிவு என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். கிமோனோத் தொழிலில் இச்சீட்டு பணமாகப் பல மாதம் ஆகும் என்பது நெடுநாள் குறை. காகித உறுதிச்சீட்டை 2026க்குள் ஒழிக்க அரசே முடிவெடுக்கும் அளவுக்கு அச்சுமை இருந்தது. கையெழுத்து விரைவாகவும் கைப்பணம் தாமதமாகவும் வரும் இடத்தில், செய்பவர்தான் விற்பவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பணம் எதுவரை பின்னோக்கிப் போகிறது? கிண்ணத்தின் விலையில் மரம் நடுபவருக்கும் கத்தி அடிப்பவருக்கும் செடி பயிரிடுபவருக்கும் பங்கு உண்டா? செய்பவரின் படத்தை இணையதளத்தில் போடுவது பங்கு ஆகாது.

இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய நிறுவனம், இலாபம் ஈட்டினாலும் என் வணக்கத்துக்குரியது. இலாபம் ஈட்டவேண்டும் என்றே விரும்புவேன். விடை சொல்லாதது, எத்தனை அழகிய சொற்களால் தன்னை அலங்கரித்தாலும், 1874இன் அதே வியப்பு வணிகம்தான். வியப்பு தீர்ந்ததும் கடையும் மூடும். மூடும்போது கைவினைஞரும் இரார்.

இறுதியாக, என்னையும் இந்தக் கூண்டில் நிறுத்தவேண்டும். ஹொக்கைதோவின் நிபுதானியில் ஐனு மக்கள் மரப்பட்டை நாரில் நெய்யும் அத்துஷ் துணியும், இதா என்னும் செதுக்குத் தட்டும் 2013இல் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பு பெற்றன. இரண்டு பெயர்களும் ஐனு மொழிச் சொற்கள். அம்மொழியோ மிகக் கடுமையாக அழியும் நிலையில் உள்ளது என்று யுனெஸ்கோ வகைப்படுத்தியுள்ளது. பொருளின் பெயர் அரசிதழில் ஏறியது. அப்பெயரைச் சொல்லித் தாய் மகளை அழைக்கும் வீடு அரிதாகிவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து என் ஆய்வேட்டை வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஒவ்வொரு தொழிலின் கலைச்சொல்லையும் நான் அட்டவணைப்படுத்துகிறேன். அதற்கு எனக்கு உதவித்தொகை வருகிறது, பட்டமும் வரும். ஒரு சொல் என் அட்டவணையில் ஏறுவதால் அது பிழைத்துவிட்டது என்று நானும் சில நேரம் நம்பிக்கொள்கிறேன். மேடையில் விருதைப் போற்றியவருக்கும் எனக்கும் இந்த இடத்தில் வேறுபாடில்லை. இருவரும் கையை மறந்து பெயரைச் சேகரிக்கிறோம்.

வஜிமாக் கிண்ணம் ஒன்றை வாங்க என் உதவித்தொகை இடம் தராது, அதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் எல்லாவற்றையும் வாங்கவேண்டும் என்பதும் என் வாதமன்று. வாங்க முடியாத நான் செய்யக்கூடியது, வாங்குவதையும் விற்பதையும் இழிவென்று சொல்லாதிருப்பது. என் அட்டவணையில் கத்தியின் பெயருக்கு எதிரே அதை அடிக்கும் கொல்லர்கள் இன்னும் எத்தனை பேர் என்பதையும் எழுதுவது. அடுத்த இயலிலிருந்து அப்படியே செய்யவிருக்கிறேன்.

கருத்தரங்கின் மூத்தவருக்கு என் மறுமொழி இதுதான், ஐயா: கருவறையில் வைத்த கிண்ணத்தில் யாரும் சோறுண்பதில்லை. உண்ணாத கிண்ணத்தை யாரும் மறுபடி செய்யச்சொல்வதும் இல்லை. கடை விரிக்கட்டும். விரித்தவர் தராசில் மரம் நட்டவரையும் கொல்லரையும் ஏற்றுகிறாரா என்பதை மட்டும் நாம் விடாமல் கேட்போம். பொருள் கைமாறட்டும், கைம்மாறு கடைசிக் கைவரை சேரட்டும்.

மறுப்புகளைப் பின்னூட்டத்தில் வரவேற்கிறேன். சான்றோடு வந்தால் என் கருத்தைத் திருத்திக்கொள்ளவும் அணியமாயிருக்கிறேன்.